வழுக்கி விழுந்தவர்கள்

பதினாறாம் டோக்கனுக்கு மணியடிக்கக் கை நீட்டியபோதே ஜெபக்கனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அடுத்த நாலு ஃபைல்களை டாக்டர் செண்பகவல்லியின் இடதுகைப் பக்கம் வைத்தாள். வழக்கமாக வைத்த கையோடு போய்விடுகிறவள் இன்று போகவில்லை. அடியில் இருந்த தடித்த ஃபைலை விரலால் தொட்டுக் காட்டி, "பத்தொன்பது நம்ம பம்புசெட் கடை வேலாயுதம் அண்ணாச்சி மக, சிவரஞ்சனி. ஆடிக்கு வந்த பிள்ள. மாப்பிள்ள கூட்டிட்டுப் போக வந்துருக்காரு. மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு. சாயங்காலம் மெட்ராஸ் வண்டியாம், முன்னால பாக்க முடியுமான்னு கேட்டாரு. வரிசையில வாங்கன்னுட்டேன்," என்றாள். டாக்டர் தலையாட்டினார். இருபது வருஷமாக இந்தக் கிளினிக்கில் வரிசையைக் காப்பது ஜெபக்கனிதான். டாக்டரின் சொந்தத் தம்பி வந்தாலும் டோக்கன் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். அவள் போன பிறகும் டாக்டரின் கை மணியின் மேலேயே இருந்தது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அப்பாவின் ஃபைல் எதற்கு, புதுசாக அல்லவா போட வேண்டும் என்று நினைத்தவருக்கு, அது தானே போட்ட சட்டம் என்பது உடனே ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு ஃபைல், வீட்டுத் தலைவர் பேரில். மாமனாரின் சர்க்கரை, மருமகளின் பிரசவம், பேரனின் அம்மை எல்லாம் ஒரே அட்டைக்குள். குடும்ப டாக்டர் என்றால் குடும்பத்தையே ஒரு ஆளாகப் பார்க்க வேண்டும் என்று மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். குடும்பம் ஒரு ஆள் என்றால் அதில் கை யாருடையது, கன்னம் யாருடையது என்று அன்றைக்கு யாரும் எழுந்து கேட்கவில்லை.

மணியடித்தார். பதினாறு, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்த சங்கரபாண்டி. அவர் ஸ்டூலில் உட்காருவதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டார். "மாத்திரை ரெண்டு நேரமும் போடுதீக, இனிப்பத் தொடுறதில்ல, காலையில நடக்கீக. அப்படித்தான?" சங்கரபாண்டி தலையாட்டினார். இதுதான் டாக்டர் செண்பகவல்லியின் வழி. மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில் ஒரு காலைக்கு இருநூறு பேரைப் பார்த்த காலத்தில் பழகியது. ஆளுக்கு முக்கால் நிமிஷம். கதை கேட்டுக்கொண்டிருந்தால் மாலையாகிவிடும், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிடு, நோயாளி தலையாட்டினால் போதும் என்று அங்கே ஒரு புரொபசர் சொல்லிக்கொடுத்தார். காய்ச்சல் மூணு நாளா, ராத்திரி கூடுதா, வாய் கசக்குதா? ஆமா, ஆமா, ஆமா. கோவில்பட்டியில் கிளினிக் போட்ட ஒரே வருஷத்தில், நாம வாயத் தொறக்க முன்னாடி அந்தம்மா சொல்லிருவாக என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரில் டாக்டருக்கு ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பெண்கள் அதையே பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தையே விட்டவர் அவர். சங்கரபாண்டி சட்டைப் பையில் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். "இதத்தான மறுபடி எழுதப் போறீக?" அட்டையில் பத்தும் அப்படியே இருந்தன. ஓரத்தில் பீடித்தூள் ஒட்டியிருந்தது. "ஒண்ணுகூடப் போடலியா?" "இல்லம்மா. போட்டா கிறுகிறுன்னு வருது. நிறுத்தி ரெண்டு மாசமாச்சு." "பின்ன எதுக்குத் தலைய ஆட்டினீக?" சங்கரபாண்டி பொக்கை வாயோடு சிரித்தார். "நீங்க கேக்குற வேகத்துக்கு வேற என்னம்மா செய்ய?"

வேற என்ன செய்ய. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பிய பிறகும் அந்தச் சொல் மேஜை மேலேயே கிடந்தது. டாக்டர் வேலாயுதத்தின் ஃபைலைத் திறக்கவில்லை. திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும். முதலில் புருவம். வேலாயுதத்தின் மனைவி பேச்சியம்மாளுக்கு வலது புருவத்தில் இரண்டு தையல். சிவரஞ்சனி அப்போது இடுப்பில் இருந்தாள். வாசல் நிலையில இடிச்சுக்கிட்டியாம்மா என்று டாக்டர் கேட்டார்; ஆமா டாக்டரம்மா என்று பேச்சியம்மாள் சொன்னாள். உடனே சொல்லவில்லை. ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியில் அவள் கண் ஸ்டூலுக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டு வந்தது. நோயாளிக்கு ஸ்டூல், கூட வந்தவருக்கு நாற்காலி. நாற்காலியில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். அந்த நொடி அன்றைக்கே கண்ணில் பட்டதா, இப்போதுதான் உட்கார்ந்து தயாரிக்கிறேனா என்று டாக்டர் தன்னையே கேட்டுக்கொண்டார். பட்டது. பட்டதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் ஒரு நொடி என்று அளவு சொல்ல முடிகிறது. அப்புறம் காது. இடது காதில் ஜவ்வு கிழிந்து ரத்தம் கசிந்தது. ஹேர்பின் விட்டுக் குடைஞ்சியா? ஆமா. இந்தக் குடையுற பழக்கத்த விட்டுத் தொலை என்று பேச்சியம்மாளைத் திட்டவும் திட்டினார். நாற்காலியிலிருந்து வேலாயுதம், "நல்லாச் சொல்லுங்க டாக்டரம்மா, நான் சொன்னா எங்க கேக்கா," என்றார். டாக்டர் சிரித்தார். அதுதான் இப்போது உறுத்துகிறது. கேட்காமல் விட்டதுகூட அல்ல, அந்தச் சிரிப்பு. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் போவது இடது காது என்பது வைத்தியம் படிக்காத ஜெபக்கனிக்குக்கூடத் தெரியும். இப்போதும் கோயிலில் பேச்சியம்மாளைப் பார்த்தால் டாக்டர் தன்னையறியாமல் அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றுதான் பேசுகிறார். கால்கள் அறிந்துவைத்திருப்பதைப் பேனா ஒருநாளும் எழுதவில்லை.

பதினேழு, மூன்று வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு சின்னப் பெண். பையன் நேற்றிலிருந்து வாந்தி. "வெளியில வாங்கிக் குடுத்தத தின்னுட்டுத்தான..." என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "என்ன செய்யுது பிள்ளைக்கு?" என்றார். அந்தப் பெண் திகைத்துப்போனாள். டாக்டரம்மா கேட்டால் தலையாட்டத் தயாராக வந்தவளிடம் கதை சொல்லச் சொன்னால் என்ன செய்வாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பையன் மாமியாரின் மாத்திரைப் பெட்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது வரைக்கும் வந்துவிட்டாள். எந்த மாத்திரை, எத்தனை குறைகிறது என்று கேட்டு, பையனைப் புரட்டிப் பார்த்து, அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி, ஆட்டோவுக்கு ஜெபக்கனியிடம் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷமாயிற்று. வழக்கம்போலக் கேட்டிருந்தால் வாந்தி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அவர்கள் போகும்போது டாக்டரின் கை தன்பாட்டுக்குப் பாட்டிலைத் திறந்து பையனிடம் ஆரஞ்சு நிற வைட்டமின் மாத்திரை ஒன்றை நீட்டப் போய், பின்வாங்கியது. இந்த ஊரில் எந்தப் பிள்ளை அழுதாலும் அந்த மாத்திரைதான். சப்பினால் இனிப்பு. அழுகை நிற்கும். சிவரஞ்சனிக்குக் கொடுத்தபோது அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூட யூனிபாரம், ஐப்பசி மழையில் பாவாடை ஓரமெல்லாம் சகதி. எடை பார்க்கும் மிஷின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்டூலில் பேச்சியம்மாள், வீங்கிய மணிக்கட்டை மடியில் வைத்தபடி. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டியாம்மா? மழைக்காலம், பாசி பிடிச்சுக் கெடக்கும்." பாசியைக்கூட டாக்டர்தான் கொடுத்தார். பேச்சியம்மாளுக்கு அந்த அளவுக்குக் கற்பனை கிடையாது. ஆமா என்றாள். அப்போதுதான் சிவரஞ்சனி, டாக்டரம்மா, அது வந்து, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டாக்டர் பாட்டிலைத் திறந்து, நல்லாப் படிக்கியா என்று கேட்டுக்கொண்டே அவள் கையில் ஒரு மாத்திரையை வைத்துவிட்டார். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு. அவள் மாத்திரையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். மதியம் பெருக்கும்போது அந்த மாத்திரை எடை மிஷின் மேலேயே இருந்ததாக ஜெபக்கனி எடுத்துக் காட்டினாள். பிள்ளைக்கு வைட்டமின் பிடிக்காது போல என்று சொல்லி அதற்கும் டாக்டர் சிரித்தார்.

தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னாலும் முழு உண்மையில்லை. தெரிந்ததைத் தெரியாத இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு பழக்கம் வேண்டும், அந்தப் பழக்கத்துக்கு 'நேரமில்லை' என்று பேர். அன்றைக்குப் பேச்சியம்மாளின் மணிக்கட்டுக்கு மேலே உட்புறமாக நாலு நீலத் தடம், வெளிப்புறமாக ஒன்று. கீழே விழுந்தால் விரல் பதியாது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டுப் போட்டார். கட்டினால் மூடிவிடும் அல்லவா. வேலாயுதம் நல்ல மனுஷர். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அந்த ஆளை மரியாதையோடு சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனால் டாக்டரின் மனதில் இன்றுவரை அவர் 'அவர்'தான். கிளினிக்கில் மோட்டார் ஓடாவிட்டால் கடையில் ஆள் இருந்தும் தானே வந்து குழாய்க்குள் கையை விடுவார். செருப்பைத் தெருவிலேயே கழற்றுவார். வெளியூர் போனால் கருப்பட்டி மிட்டாய் வாங்கிவந்து ஜெபக்கனிக்கும் பாதி கொடுப்பார். ஒரே ஒரு தடவை டாக்டர் அவரிடம் பேசியிருக்கிறார். பேசினேன் என்று இத்தனை வருஷம் தன்னைச் சமாதானம் செய்துகொண்டதும் அந்த ஒரு தடவையை வைத்துத்தான். அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, "வீட்ல கோவத்தக் குறைங்க அண்ணாச்சி, பிரஷருக்கு ஆகாது," என்றார். யாருடைய பிரஷருக்கு? அவருடைய பிரஷருக்கு. எழுதிய மாத்திரையும் அவருக்கே. வேலாயுதம் யார் என்ன சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டில் போய்க் கேட்டிருப்பார். அதன்பிறகு பதினாலு மாதம் பேச்சியம்மாள் கிளினிக் பக்கமே வரவில்லை. நாம சொன்னது வேலை செஞ்சிருக்கு, வீடு அமைதியாயிருச்சு என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்கு இப்போது காது மடல் வரைக்கும் சுடுகிறது. ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. கொஞ்சம் வெளிய இருங்க அண்ணாச்சி, செக் பண்ணணும். பெண் டாக்டர் சொன்னால் எந்த ஆம்பிளையும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போகிற வாக்கியம். பிரசவத்துக்கு, வெள்ளைப்படுதலுக்கு, கட்டிக்கு என்று ஆயிரம் தடவை சொன்னதுதான். பேச்சியம்மாளுக்கு மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. புருவத்துக்கும் காதுக்கும் கைக்கும் துணி அவிழ்க்க வேண்டியதில்லையே.

பதினெட்டு பாப்பா டீச்சர். ஓய்வுபெற்றவர், மூட்டுவலி. அவர் பேச ஆரம்பித்தால் கேள்வியே வேண்டாம். இடது மூட்டு, வலது மூட்டு, மருமகள் மாடியில் துணி காயப்போடச் சொல்வது என்று போய்க்கொண்டிருந்தது. டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தார். கேட்பது சுலபம். அவள் சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் யோசித்து வைக்கவில்லை. அதனால்தான் கேட்கவில்லையோ. சமூகநலத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து, பெண்கள் கூப்பிட வேண்டிய நம்பர் என்று ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனார். மூன்றே இலக்கம், எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் மனதில் நிற்கும். டாக்டர் சுவரைப் பார்த்தார். போஸ்டர் இருந்த இடத்தில் காலண்டர் தொங்கியது. வேலாயுதம் பம்ப்ஸ், நீர்மூழ்கி மோட்டார்கள், முருகன் படம். வருஷா வருஷம் வேலாயுதம் கொண்டுவந்து கொடுப்பதை ஜெபக்கனி அதே ஆணியில் மாட்டிவிடுகிறாள். வேண்டுமென்று செய்யவில்லை, சுவரில் இருப்பது அந்த ஒரு ஆணிதான். போலீஸ், கோர்ட், சாட்சி என்று மனம் ஓடியது. நாளைக்கு வேலாயுதம் வந்து, எம் மக வாழ்க்கையக் கெடுத்துட்டீகளே டாக்டரம்மா என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார். பேச்சியம்மாளும் சேர்ந்து கேட்பாளோ. மணி பதினொன்றரை. சாயங்கால வண்டியில் அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டால் மெட்ராஸில் அவளுக்கு எந்த டாக்டர், எந்த ஸ்டூல். அங்கேயும் யாராவது முக்கால் நிமிஷத்தில் கேட்பார்கள். "நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், உங்களுக்கு என்னம்மா செய்யுது, முகம் வெளுத்திருக்கு?" என்றார் பாப்பா டீச்சர். யோசித்துப் பார்த்தால் இன்றைக்குச் சரியாகக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். ஒண்ணுமில்ல டீச்சர் என்று சொல்லி, தைலம் எழுதிக் கொடுத்து, அவர் குடையை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்திருந்து, டாக்டர் மணியடித்தார்.

மாப்பிள்ளை முன்னால் வந்தான், பெண் பின்னால். அவன் இஸ்திரி கலையாத சட்டையோடு சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள், பேச்சியம்மாள் பிடித்திருந்த அதே மாதிரி. "லேசான சுளுக்குதான் டாக்டர்," என்றான் அவன். "ஒரு பேண்டேஜ் போட்டு விட்டீங்கன்னா போதும். டிரெயினுக்கு நேரமாயிரும்."

"கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. செக் பண்ணணும்."

"கைதானே டாக்டர்?"

"பொம்பளப் பிள்ளைய செக் பண்ணும்போது கூட யாரும் இருக்கக் கூடாது. இங்க அதான் வழக்கம்."

கையைப் பார்ப்பதற்கு அப்படியொரு வழக்கம் இந்தக் கிளினிக்கில் பதினெட்டாம் டோக்கன் வரைக்கும் இல்லை. அவன் எழுந்தான். கதவருகில் நின்று, "இங்கதான் நிக்கேன் ரஞ்சனி," என்றான். கேட்பதற்கு அக்கறை மாதிரித்தான் இருந்தது. கதவு அரைகுறையாகச் சாத்திக்கொண்டது.

டாக்டர் அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உட்புறம் நாலு, வெளிப்புறம் ஒன்று. நாக்கு தயாராக இருந்தது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் அல்லவா, பாத்ரூம், பாசி எல்லாம் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன. டாக்டர் அவற்றை விழுங்கினார். வேறு எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிவரஞ்சனி, மேஜை மேலிருந்த ஆரஞ்சு மாத்திரைப் பாட்டிலைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டரம்மா. பாசி."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே பிள்ள," என்றார் டாக்டர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாயின் கண்தான், ஆனால் இது நாற்காலிப் பக்கம் போகவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. "அம்மாதான் இப்படிச் சொல்லச் சொன்னா," என்றாள் மெதுவாக. "இத மட்டும் சொன்னாப் போதும், டாக்டரம்மா அதுக்கு மேல ஒண்ணும் கேக்க மாட்டாகன்னு சொன்னா."

ஊரே சொன்ன பேருக்கெல்லாம் மேலாக, பேச்சியம்மாள் சொன்ன பேர் இது. டாக்டருக்கு அழுகை வந்தது. அது இந்தப் பெண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத அழுகை என்பதும் தெரிந்ததால் அடக்கிக்கொண்டார். வேலாயுதத்தின் ஃபைலை எடுத்துப் பின்னாலிருந்த அலமாரியில் வைத்தார். பேனாவை மூடினார்.

"உங்கம்மாவுக்கு அந்தப் பதிலச் சொல்லிக் குடுத்ததே நான்தான்," என்றார். "அவ ஒரு நாளும் அவளா சொல்லல. நான் கேக்க வேண்டிய மாதிரி கேக்கல. நீ அந்த மிஷின்கிட்ட நின்னு என்னமோ சொல்ல வந்த, அதையும் கேக்கல. இப்பக் கேக்கேன். என்ன நடந்துச்சு?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல் நிறுத்தினார். வாழ்க்கையில் அவர் கேட்ட கேள்விகளிலேயே ஆகச் சின்னது அதுதான், ஆகக் கஷ்டமானதும். ஒரு நிமிஷம் போனது. வெளியே யாரோ இருமினார்கள். இருபதாம் டோக்கன் எப்போ கூப்பிடுவாக என்று ஜெபக்கனியிடம் யாரோ சண்டை பிடித்தார்கள். டாக்டரின் கை தானாக மணிப் பக்கம் போகப் பார்த்தது. அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"கதவு சாத்திருக்கா டாக்டரம்மா?" என்றாள் சிவரஞ்சனி.

டாக்டர் எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். கிளினிக் கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத தாழ்ப்பாள், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, உள்ளங்கையால் இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் மேஜைக்குப் பின்னால் போகவில்லை. மாப்பிள்ளை விட்டுப்போன நாற்காலியை ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.